பாறைக்குப் பெரிய ற

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் குலுங்கியதில் வயிறு மட்டும் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அடுப்படியில் ஸ்டூல் மேல் ஏறாதீர்கள். மேல் தட்டு டப்பாக்களை எல்லாம் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

படகுத்துறையை ஒட்டி ஒரு விடுதியில் மாடி அறை. விடுதிக்காரம்மா வாட்டசாட்டமான ஆள். குளியலறை ஜன்னலைக் கம்பளியால் மூடி அங்கேயே படம் கழுவிக்கொள்ள விட்டுவிட்டார். "குளிக்கிறவங்க கதவத் தட்டினா வெளிய வந்துடணும்" என்பது ஒன்றுதான் நிபந்தனை.

இனி வேலை. துறையிலிருந்து பாரைகள் மேல் கால் மணி நேரம் நடந்தால் அந்த வளைவு தெரிகிறது. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பாரை. அலை அரித்து அரித்து நடுவில் வாசல் மாதிரி திறந்துவிட்டிருக்கிறது. மூன்று மாடி உயரம். படகுக்காரர்கள் அதன் அடியில் புகுந்துதான் அந்தப் பக்கம் போகிறார்கள். சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம் கூடுதல். வளைவின் வலது தோளில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. அது பெரிதாகிறதா என்று கடலோரப் பராமரிப்பு அலுவலகத்துக்குத் தெரியவேண்டும். எதிரே உள்ள பாரையில் ஓர் இரும்பு முளை அடித்து வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு முறை, நீர் வடிந்து நிற்கும் நேரத்தில், அந்த முளையில் கேமராவைப் பொருத்தி ஒரே மாதிரிப் படம் எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு இதுதான் வேலை.

ஸ்டுடியோவில் கல்யாண ஜோடிகளைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. இந்தப் பாரையைச் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மகனுக்கு அடுத்த துறைமுக முகவரிக்கு எழுதிவிட்டேன். கப்பலின் இயந்திர அறையில் இருப்பவருக்குக் கடலே கண்ணில் படுவதில்லையாம். அவருக்கும் சேர்த்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "போயிட்டு வாம்மா, வீடு எங்கயும் நடந்து போயிடாது" என்று நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் இதெல்லாம் எனக்கு ஏது?

உங்கள் மருமகள்

*

ஜனவரி 18

அன்புள்ள மருமகளுக்கு,

முழங்கால் அதன் இடத்தில் இருக்கிறது, நான் என் இடத்தில் இருக்கிறேன். எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. உன் வயிறு சமாதானமாகிவிட்டது என்று நம்புகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் கைக்கு வரும் என்று தெரிந்தே கடிதம் எழுதியிருக்கிறாய். கேட்டுக்கொள். நான்கு இடத்தில் 'பாரை' என்று எழுதியிருக்கிறாய். பாரை என்பது மீன். ஒரு மீனை ஆறு மாதம் படம் பிடிக்க ஓர் அலுவலகம் ஆள் வைக்கிறது என்றால் அங்கே எனக்கும் ஒரு வேலை பார். கடலில் நிற்பது பாறை. பெரிய ற. 'முளை' என்பதைச் சரியாக எழுதியிருக்கிறாய். அதை வாசித்தபோது கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தேன்.

மத்தியானம் கம்போசிட்டர் வருகிறான். உனக்குத்தான் தெரியுமே, அவன் எழுத்துக் கோக்க, நான் அதில் பிழை பார்க்க, அப்படியே நாங்கள் கிழவர்களானோம். சதுரங்கம் ஆடுகிறோம். நேற்று குதிரையை மந்திரி என்று நினைத்து நகர்த்திவிட்டேன். அரை மணி நேரம் சிரித்தான். கூடத்தில் பல்பு மங்கலாக எரிகிறது. மாற்றினேன். புதியதும் மங்கல்தான். இப்போது எந்தச் சாமானையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

படங்கள் அனுப்பு.

மாமா

*

பிப்ரவரி 5

அன்புள்ள மாமாவுக்கு,

பாறை, பாறை, பாறை. போதுமா? குளியலறைக் கண்ணாடியில் சோப்பால் எழுதி வைத்திருக்கிறேன். பல் தேய்க்கும்போதெல்லாம் அந்தப் பெரிய ற என்னை முறைக்கிறது. எனக்கு ஒரு சளி வந்து, இடம் பிடிக்காமல் திரும்பிப் போயிற்று. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை சதுரங்கப் பலகை மேலேயே தட்டை வைத்துக்கொள்கிறீர்களா?

முதல் நான்கு வாரப் படங்களில் ஒவ்வொரு பிரதி இத்துடன் வருகிறது. இனி வாராவாரம் உங்களுக்கும் ஒன்று.

என் படங்களைப் பார்ப்பவர் ஒரு பொறியாளர் அம்மா. சிரிக்கவே மாட்டார். முதல் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. அடுத்த வாரமும் இதே மாதிரி நல்லா இருக்கணும். இதைவிட நல்லா இருந்தா வேண்டாம்" என்றார். அவர் கேட்பது அடையாள அட்டைப் படம்: நேராகப் பார், அசையாதே. எனக்கோ இந்தப் பாறை என்ன மாதிரி ஆள் என்று காட்டும் படம் ஒன்றாவது எடுத்துவிட வேண்டும் என்று ஆசை.

போன வாரம் முளையிடம் நிற்கும்போது ஒரு பெரிய அலை கறையில் மோதி என்னைத் தலையோடு குளிப்பாட்டிவிட்டது. கேமராவைச் சட்டைக்குள் சுருட்டிக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கீழே படகில் போய்க்கொண்டிருந்தவர் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"என்னம்மா, உசுரு இருக்கா?"

"கேமராவுக்கு இருக்குங்க."

"அப்ப சரி. ஆளக் காய வெச்சுக்கலாம்."

அன்றிலிருந்து அவர் பழக்கம். தலையில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. வளைவுக்குள் ஒரு நாள் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 1

அன்புள்ள மருமகளுக்கு,

நன்றாக இருக்கிறேன். பதில் தாமதம். பேனா மாற்றியிருக்கிறேன், முனை தடித்தது. எழுத்து பெரிதாக விழுவது அதனால்தான்.

படங்கள் வந்தன. நன்றாக இருக்கின்றன. இனிமேல் படத்தோடு அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதியும் அனுப்பு. படம் ஊமை. உன் எழுத்தில் பிழை இருந்தாலும் அதற்கு வாய் இருக்கிறது.

சதுரங்கத்தை நிறுத்திவிட்டோம். கம்போசிட்டரின் ஆட்டம் சலிப்பாக இருக்கிறது. இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம், அதற்குக் காய் தேவையில்லை. அடுத்த வாரம் மகள் வீட்டுக்குப் போகிறான். மூன்று வாரம் வரமாட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

*

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று உடம்பும் மனசும் சேர்ந்து நன்றாக இருக்கின்றன. கம்போசிட்டர் மாமா இல்லாமல் மத்தியானங்கள் நீளமாக இருக்குமே, மாடி வீட்டு நர்ஸ் அக்காவோடாவது கொஞ்சம் பேசிக்கொண்டிருங்கள்.

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். வளைவின் இடது கால் தடித்தது, யானையின் முன்கால் போல. வலது கால் ஒல்லி. இரண்டும் சேரும் உச்சியில் பறவைகளின் எச்சம் வெள்ளைத் தொப்பி மாதிரி. நீர் வடிந்திருக்கும்போது காலடியில் பச்சைப் பாசி தெரிகிறது. அதற்கு மேலே மஞ்சள், சாம்பல், செங்கல் நிறம் என்று வரி வரியாகப் போகிறது. சலவைக்காரர் மடித்து அடுக்கிய துணிக்கட்டைப் பக்கவாட்டில் பார்ப்பது போல.

நேற்று அதற்குள்ளே போய்விட்டு வந்தேன். படகு நெருங்கும்போது இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன். பச்சைத் துண்டுக்காரர் ஓர் அலையை விட்டார், இன்னொன்றையும் விட்டார், மூன்றாவதன் முதுகில் ஏறிக்கொண்டார்.

"ஊசியில நூல் கோக்கிற மாதிரிதாம்மா. சரியா வரலன்னா பின்னால இழுத்து, எச்சில் தொட்டு, மறுபடி கோக்கணும்."

"எத்தன தடவ கோத்திருப்பீங்க?"

"சட்டை தைக்கிறவன் எண்ணுவானா?"

உள்ளே குளிர். ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கிறது. தண்ணீரில் பட்ட வெயில் கூரையில் ஏறி நெளிகிறது. பாறைக்கே கூச்சம் வந்து நெளிவது போல இருந்தது. சொட்டு ஒன்று என் பிடரியில் விழுந்தது, நான் போட்ட கூச்சலில் பறவைகள் கலைந்தன. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்ததில் கழுத்தில் கேமரா தொங்குவதே மறந்துவிட்டது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. வருத்தமும் இல்லை.

ஒன்பதாவது வாரப் படம் இத்துடன்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 22

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம்.

ஒன்பதாவது வாரப் படத்தை ஜன்னலோரம் வைத்து நெடுநேரம் பார்த்தேன். வந்ததிலேயே இதுதான் சிறந்தது. என்ன கம்பீரம். அடிப்பாகம் எவ்வளவு அகலம். எத்தனை புயலைப் பார்த்திருக்கும், அசையாமல் நிற்கிறது. வளைவு வழியாக வெளிச்சம் வருவது அழகு. உச்சியில் மட்டும் கொஞ்சம் அரித்துப் போயிருக்கிறது என்று தோன்றியது. அலுவலகத்தில் சொல்லி வை.

ஒரு தடவை படகில் அதன் அடியில் போய்விட்டு வந்து எனக்கு எழுது.

மாமா

*

மார்ச் 29

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஒன்பதாவது வார வளைவு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உங்களுக்கு வந்தது விடுதிக்காரம்மா. வாசற்படியில் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் வெளிச்சம் இருந்ததால் ஆள் கறுப்பாக விழுந்துவிட்டது. உறை மாற்றிப் போட்டது என் தவறு.

உங்கள் கடிதத்தை அவரிடமே வாசித்துக் காட்டினேன். வாசிக்காமல் இருக்க முடியவில்லை. கை வேலையை விட்டுவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு, "உச்சியில அரிச்சுப் போயிருக்குன்னு எத சொல்றாரு, தலமுடியையா?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் மேசை மேல் தம்ளர் நகர்ந்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு வரவில்லை.

உங்கள் கடிதங்களைக் கட்டிலில் வரிசையாக வைத்தேன். ஜனவரியில் பக்கத்துக்கு இருபத்தாறு வரி. இப்போது எட்டு. கடைசி இரண்டு வரி ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கிறது. படகில் போனதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். போய்விட்டு வந்து எழுது என்கிறீர்கள். கம்போசிட்டர் மாமா ஊரில் இல்லாத மூன்று வாரம் அது. பிப்ரவரியில் அலை 'கறையில்' மோதியது என்று எழுதிவிட்டேன். நேற்றுத்தான் படகுத்துறைப் பலகையில் 'கரை' என்றிருப்பதைப் பார்த்து என் தவறு தெரிந்தது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, இருநூறு பத்திரிகையிலும் பேனாவால் ஒவ்வொன்றாக வைத்தவர் நீங்கள்.

உங்கள் கண்ணுக்கு என்ன, மாமா?

இதை உங்களுக்கு யார் வாசித்துக் காட்டுகிறாரோ அவருக்கு என் வணக்கம். அவர் எந்த வரியையும் விடாமல் வாசிக்க வேண்டும். பத்து நாளில் பதில் வராவிட்டால் பஸ் ஏறிவிடுவேன்.

உங்கள் மருமகள்

*

ஏப்ரல் 7

அன்புள்ள மருமகளுக்கு,

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது கம்போசிட்டர். பிழைகளுக்கு அவனே பொறுப்பு. (இருவரும் சுகம். — கம்போசிட்டர்)

போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. தெருவிளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. பிறகு எல்லாவற்றின் மேலும் யாரோ வெண்ணெய்த்தாளைப் போர்த்திவிட்டது மாதிரி ஆனது. மாடி வீட்டு நர்ஸ் வம்படியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கண்புரை, இரண்டு கண்ணிலும் முற்றிவிட்டது, அறுத்து எடுக்க வேண்டும் என்றார்கள். உன் முதல் கடிதத்தை எப்படியோ நானே வாசித்துவிட்டேன்; அதற்குப் பிறகு வந்தவற்றை இவன்தான் வாசித்தான். காதுக்குச் சின்ன ர எது, பெரிய ற எது என்று தெரிவதில்லை. பாறையும் பாரையும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. எனக்கு அதுதான் பெரிய துக்கமாக இருந்தது.

கத்தியைக் கண்ணுக்கு நேரே பார்த்துக்கொண்டு எப்படிப் படுப்பது என்று தள்ளிப் போட்டேன். 'உனக்குத்தான் எதுவும் தெரியாதே, கத்தி மட்டும் எப்படித் தெரியும்' என்று இவன் கேட்கிறான். (நியாயமான கேள்வி. — கம்போசிட்டர்)

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் அத்தை படுக்கையில் கிடந்தபோது உனக்கு இதே மாதிரி வெளியூர் வேலை ஒன்று வந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் கடிதத்தை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டாய். நான் கூடத்திலிருந்து பார்த்தேன். அப்போது எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. இரண்டாவது தடவையும் இந்த வீட்டால் உன் வேலை நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பதினேழாம் தேதி நாள் கொடுத்திருக்கிறார்கள். போகிறேன். இவன் இருக்கிறான், நர்ஸ் இருக்கிறாள். வாராவாரம் எடுக்க வேண்டிய படத்தை விட்டுவிட்டு நீ வராதே.

மாமா

(அவர் சொல்லாதது: ராத்திரி சாப்பாடு சரியாக இறங்குவதில்லை. நீ வந்தால் திட்டுவார், பிறகு சாப்பிடுவார். — கம்போசிட்டர்)

*

ஏப்ரல் 12

அன்புள்ள மாமாவுக்கு,

வெள்ளிக்கிழமை காலை பஸ். பதினைந்து நாள் விடுப்பு. முளையில் கேமராவை வைத்து அமுக்க விடுதிக்காரம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். "கம்பீரத்தப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்கிறார். பொறியாளர் அம்மாவும் தலையை ஆட்டிவிட்டார்.

திட்டுவதை எல்லாம் சேர்த்து வையுங்கள். நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

மருமகள்

*

மே 21

அன்புள்ள மருமகளுக்கு,

இந்த எழுத்தைப் பார். பக்கத்துக்கு முப்பது வரி. வலது கண் சொன்னபடி கேட்கிறது. புதுக் கண்ணாடி மூக்கில் கொஞ்சம் அழுத்துகிறது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம். ராத்திரி சாப்பாடு இறங்குகிறது. நீ பதினைந்து நாள் இங்கே வந்து வீட்டைப் புரட்டிப் போட்டதில் டீத்தூள் டப்பாவை மட்டும் இன்னும் காணவில்லை. நீ இளைத்திருந்தாய். நன்றாகச் சாப்பிடு.

பிப்ரவரியிலிருந்து வந்த உன் கடிதங்களை எல்லாம் முதல் முறையாக நானே வாசித்தேன். அறுபத்தொரு பிழை, பட்டியல் தனித்தாளில். கம்போசிட்டர் வாசித்தபோது விட்ட வரிகளும் ஏராளம். அவனுக்கு நீ வணக்கம் சொல்லியிருந்த இடத்தை மட்டும் இரண்டு முறை வாசித்திருக்கிறான். 'எழுத்தைப் பார்த்தால் பிழையாவது தெரிந்திருக்குமே, சொல்லக் கூடாதா' என்று கேட்டேன். 'எனக்கு எப்போ தெரிஞ்சிருக்கு?' என்கிறான். அவன் பிழையில்தான் என் பிழைப்பு ஓடியது. ஒன்றும் சொல்வதற்கில்லை.

விடுதிக்காரம்மாவின் படத்தையும் பார்த்தேன். என் மன்னிப்பைச் சொல்லிவிடு. ஆனால் நான் எழுதியதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். மூலத்தையும் மெய்ப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது கையோடு வந்த பழக்கம். உன் நான்காம் வாரப் படத்தை மூலமாக வைத்தேன், பதினெட்டாம் வாரத்தை மெய்ப்பாக வைத்தேன். ஏழு வித்தியாசம். நான்கு பறவைகள். ஒன்று தூசி. ஒன்று பாசி வளர்ந்தது. ஏழாவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இடது காலின் உள்பக்கம், பாசிக்குச் சற்று மேலே, முட்டுக் கொடுத்த மாதிரி ஒரு கல் இருந்தது. படத்தில் என் சுண்டு விரல் நகமளவு. பதினான்காம் வாரம் வரை இருக்கிறது. பதினைந்திலிருந்து இல்லை. அது இருந்த இடத்திலிருந்து மேலே முடி போல ஒரு கோடு ஏறுகிறது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. கம்போசிட்டரைப் பார்க்கச் சொன்னேன். ஒரு கோடும் இல்லை என்றான். இருப்பது உறுதி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நீங்கள் எல்லோரும் வலது தோளையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே இடத்தை உற்றுப் பார்க்கிறவன் பக்கத்து இடத்தில் கோட்டை விடுவான். நான் கிழவன், ஒற்றைக் கண்ணன், தவறாக இருக்கலாம். எதற்கும் உன் நெகட்டிவைப் பார்.

மாமா

*

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். எல்லோரும் சுகம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் கண் எப்படி இருக்கிறது என்று இந்த ஊரே கேட்கச் சொல்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றே குளியலறையில் நெகட்டிவைப் போட்டு, இடது காலை மட்டும் ஒரு தாள் முழுக்கப் பெரிதாக்கினேன். மூன்று பேர் வெளியே துண்டோடு நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். திறக்கவில்லை. கல் இல்லை, கோடு இருந்தது. ஈரத்தாளோடு அலுவலகத்துக்கு ஓடினேன்.

பொறியாளர் அம்மா பார்த்தார். மறுநாளே கயிறு கட்டி இறங்கினார். ஏறி வந்து, "இனிமே ஒரு படகும் உள்ள போகக் கூடாது" என்றார்.

படகுக்காரர்களுக்குக் கோபம். பச்சைத் துண்டுக்காரர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். "நாப்பது வருஷமாப் போறோம். எங்கயோ உக்காந்துட்டு ஒருத்தர் காகிதத்தப் பாத்துச் சொன்னாராம், நாங்க சுத்திப் போகணுமாம்" என்று துறையில் என் காதில் விழும்படி சொன்னார். ஒரு நாள் போயிற்று, பத்து நாள் போயிற்று. பாறை அப்படியே இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். உங்களுக்கு எழுதாமல் இருந்தது அதனால்தான். உங்கள் கண் தவறிவிட்டது என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்று பன்னிரண்டாம் நாள். காலை ஒன்பதே முக்காலுக்கு நீர் வடிந்து நின்றது. முளையில் கேமராவைப் பொருத்தி வழக்கமான படத்தை எடுத்தேன். அடுத்த நிமிடம் உச்சியிலிருந்த பறவைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. நான் கூச்சல் போடவில்லை. யாரும் கல்லெறியவில்லை. பிறகு இடது காலின் உள்பக்கத்திலிருந்து ஒரு வீட்டுச் சுவர் அகலத்துக்கு ஒரு பாளம், யாரோ உள்ளிருந்து கதவைத் திறப்பது போல மெதுவாகச் சாய்ந்தது. என் விரல் அமுக்கியது. நான் அமுக்கியதாக நினைவில்லை. சத்தம் பிறகுதான் வந்தது, காலடியில் ஏறி நெஞ்சு வரைக்கும். தண்ணீர் வளைவு உயரத்துக்கு எழுந்து, அதன் வழியாகவே இந்தப் பக்கம் வந்து விழுந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால் வளைவு நிற்கிறது, மாமா. இடது கால் இளைத்து, வாசல் அகலமாகி, முன்பைவிட அழகாக நிற்கிறது. நான் அந்த முளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அழவும் செய்தேன் என்று நினைக்கிறேன். முகமெல்லாம் உப்பாக இருந்ததால் எது எது என்று தெரியவில்லை.

சாயங்காலம் பச்சைத் துண்டுக்காரர் விடுதிக்கு வந்தார். துண்டு கையில் இருந்தது. அவர் தலையை முதல் முறையாகப் பார்த்தேன். கொடுத்த டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"தினமும் அந்நேரம் திரும்புவோம்மா. ஆறு படகு. ஒண்ணு பின்னால ஒண்ணு."

ஆறிய டீயை எடுத்துப் போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தேன்.

"உங்க மாமனாருக்கு எந்தக் கண்ணுல தெரியுது?"

"வலது கண்ணுல."

"இன்னொண்ணயும் சரி பண்ணிட்டு ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. நானே கோத்துக் காட்டறேன்."

ஐந்து படம் விழுந்திருக்கிறது. மூன்றாவதில் பாளம் பாதி சாய்ந்திருக்க, பறவைகள் எல்லாம் வாசலுக்குள் இருக்கின்றன. பொறியாளர் அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இதைவிட நல்லா இருந்தா வேண்டாம்னு சொல்லியிருந்தேன். பரவாயில்ல, இது இருக்கட்டும்" என்றார். அறிக்கையில் 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார். 'மெய்ப்புத் திருத்துநர்' என்று எழுதச் சொன்னேன். எந்தத் துறை என்று கேட்டார். குடும்பத் துறை என்றேன். அவருக்குப் பற்கள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த மூன்றாவது படம் இத்துடன் வருகிறது. உறையை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.

உங்கள் மருமகள்

*

ஜூலை 14

அன்புள்ளவருக்கு,

இயந்திர அறைச் சூட்டில் வேர்க்குரு வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். குளிர்ந்த தண்ணீரில் அடிக்கடி துடைத்துக்கொள்ளுங்கள். இங்கே நாங்கள் இருவரும் சுகம். பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அப்பா ஒரு மாற்றத்துக்காக என்னோடு பத்து நாள் இருக்க வந்திருக்கிறார். கம்போசிட்டர் மாமாவும் கூடவே வந்து, விடுதிக்காரம்மாவின் கணக்கு நோட்டில் உள்ள எழுத்துகளைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார். அப்பா அதே நோட்டைச் சிவப்புப் பேனாவோடு வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு இருவரையும் பிடித்திருக்கிறது; அப்பாவுக்கு மட்டும் சோறு கொஞ்சம் கூடுதலாக விழுகிறது.

என் வேலையை இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் மூடியிருந்த படகு வழியை, பாறையைச் சோதித்துவிட்டுத் திரும்பவும் திறந்துவிட்டார்கள். முதல் படகில் அப்பாதான் போக வேண்டும் என்று படகுக்காரர்கள் ஒரே பிடிவாதம். ஏன் என்று நேரில் சொல்கிறேன், நீளமான கதை. துறையில் இருந்த எல்லோரும் வந்து அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். வளைவுக்குள் போனதும், 'பேசிப் பாருங்க, ரெண்டு தடவ கேக்கும்' என்றார் படகுக்காரர். அப்பா வெகுநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். இரண்டு தடவை கேட்டது.

அந்தப் படம் இத்துடன். நடுவில் நிற்பவர் அவர்தான். பக்கத்தில் பாதி தெரிவது கம்போசிட்டர் மாமா. படகு ஆடியதில் உட்கார்ந்துவிட்டார்.

மீதி இடத்தில் அப்பா எழுத வேண்டுமாம்.

உங்கள்,
நான்

அன்புள்ள மகனுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. படத்தில் நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பது எதற்கு என்று கேட்டு எழுதாதே. இங்கே வெயில் அதிகம். 'வேர்க்குரு'வை நீ 'வேற்குரு' என்று எழுதியிருக்கிறாய். மற்றபடி கடிதம் நன்றாக இருந்தது.

உன் மனைவி நன்றாகப் படம் எடுக்கிறாள். யாரும் சொல்லி நான் எழுதவில்லை. நானே பார்த்தேன்.

அப்பா